பனி பழக ஔலிக்கே போகலாம்!



குடும்பத்தோடு பனி விடுமுறை கழிக்க ஏற்ற ஊர் குல்மார்க்கா, ஔலியா? இதுதான் தலைப்பு. ஐயா, முதல்ல ஒண்ணு சொல்லணும். நமக்கும் குளிருக்கும் என்ன சம்பந்தம்? மார்கழி மாசம் காலையில பால் வாங்கப் போறவர் மங்கி குல்லா, மப்ளர், ஸ்வெட்டர் எல்லாம் போட்டுக்கிட்டுப் போறார். வெளியில எவ்வளவு குளிர்? 22 டிகிரி! (சிரிப்பு) ஊட்டியில புல்லு மேல உப்பு தூவின மாதிரி உறைபனி விழுந்தா அடுத்த நாள் பேப்பர்ல படம் வருது. அப்படிப்பட்ட நாம முழங்கால் அளவு பனிக்குள்ள குடும்பத்தோட இறங்கப் போறோம். அதனால 'எந்த ஊர் அழகு?' என்று கேட்டால் போதாது ஐயா. 'யார் போறாங்க?' என்று முதலில் கேட்கணும்.

யார் போகிறார்கள்? ஒரு தாத்தா, ஒரு பாட்டி, அப்பா, அம்மா, எட்டாவது படிக்கிற பையன், நாலாவது படிக்கிற பெண். ஆறு பேர். இந்த ஆறு பேரில் ஒருத்தரும் பனிச்சறுக்குப் பலகையைக் காலில் கட்டியதில்லை. இவர்களுக்கு எது ஏற்ற ஊர்? அதுதான் வழக்கு.

எனக்கு முன்னால் பேசிய சகோதரர் குல்மார்க்கை அருமையாக வர்ணித்தார். நான் மறுக்கவே மாட்டேன். ஸ்ரீநகரிலிருந்து ஐம்பது கிலோமீட்டர். 2,650 மீட்டர் உயரத்தில் பூப்பள்ளத்தாக்கு மாதிரி ஒரு புல்வெளி. அங்கிருந்து அபர்வத் மலைக்குப் போகிற கொண்டோலா, 1998இல் முதல் கட்டம், 2005இல் இரண்டாம் கட்டம். உலகத்தில் உயரமான கொண்டோலாக்களில் ஒன்று. வானம் தெளிவாக இருந்தால் தூரத்தில் நங்க பர்வதம் தெரியும். எல்லாம் உண்மை. குல்மார்க் ஒரு மகாராணி ஐயா. ஆனா மகாராணி வீட்டுக்கு விருந்துக்குப் போறது வேற, அத்தை வீட்டுக்கு லீவுக்குப் போறது வேற! (கைதட்டல்)

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2025 ஏப்ரலில் பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்டார்கள். அதைச் சொல்லி 'காஷ்மீருக்குப் போகாதீங்க' என்று நான் வாதாடமாட்டேன். அடுத்தவர் கண்ணீரை எடுத்து என் கட்சிக்கு மதிப்பெண் வாங்குவது தப்பு. அங்கே குதிரை ஓட்டுகிறவரும், படகு தள்ளுகிறவரும் நம்மை நம்பித்தான் அடுப்பு ஏற்றுகிறார்கள். அந்த வாதம் எனக்கு வேண்டாம். மலையை வைத்தே பேசுகிறேன். (கைதட்டல்)

முதலாவது, பனிச்சறுக்கு. குல்மார்க்கின் பெருமை எங்கே இருக்கிறது? அபர்வத்தின் மேல் சரிவில். மாவு மாதிரி பொலபொலவென்று கிடக்கும் புதுப்பனி. அதற்காகத்தான் வெளிநாட்டு வீரர்கள் பலகையைத் தோளில் சுமந்துகொண்டு வருகிறார்கள். ஆனால் செங்குத்துச் சரிவில் புதுப்பனி கனமாக விழுந்தால் அது எப்போது பெயர்ந்து வரும் என்று கணக்குப் பார்த்துத்தான் இறங்க வேண்டும். 2024 பிப்ரவரியில் அங்கே நடந்த பனிச்சரிவில் தேர்ந்த சறுக்கு வீரர் ஒருவரே உயிரிழந்தார். அது தேர்ந்தவர்களின் களம். கீழே புல்வெளியில் கத்துக்குட்டிகளுக்கும் சரிவு இருக்கு, இல்லேன்னு சொல்லலை. ஆனா அங்க போனா நம்ம வேலை என்ன? மேல போற கொண்டோலாவைப் பார்த்துக்கிட்டே கீழ விழறது! (சிரிப்பு)

ஔலி அப்படியில்லை. ஊரே ஒரு சரிவுதான். சுமார் 2,500 மீட்டரிலிருந்து 3,050 மீட்டர் வரை படிப்படியாக ஏறுகிற புல்வெளி, ஓரத்தில் ஓக், தேவதாரு மரங்கள். குளிர்காலத்தில் அதுதான் பள்ளிக்கூடம். கர்வால் மண்டல் விகாஸ் நிகம் ஏழு நாள், பதினாலு நாள் என்று அங்கே பயிற்சி வகுப்புகள் நடத்தி வந்திருக்கிறது. இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையின் மலையேற்ற, பனிச்சறுக்குப் பயிற்சி நிலையமே அங்கேதான் இருக்கிறது. 2011 ஜனவரியில் முதலாவது தெற்காசியக் குளிர்கால விளையாட்டுப் போட்டியின் பனிச்சறுக்குப் பந்தயங்கள் நடந்ததும் அந்தச் சரிவில்தான்.

பனிச்சறுக்கில் முதல் பாடம் என்ன தெரியுமா ஐயா? ஓடுவது இல்லை. நிற்பது இல்லை. விழுவது! பக்கவாட்டில் எப்படி விழணும், விழுந்தபின் பலகை இரண்டையும் சரிவுக்குக் குறுக்கே திருப்பி எப்படி எழணும். அது வந்தபின் இரண்டாவது பாடம். பலகைகளின் முன்முனையைச் சேர்த்து, பின்பக்கத்தை விரித்து, ஏர்க்கலப்பை மாதிரி வைத்துக்கொண்டால் வேகம் குறையும். அவ்வளவுதான். ஒரு குழந்தைக்கு ஒரு நாள் போதும். அப்பாவுக்கு மூணு நாள். ஏன்னா குழந்தை விழுந்தா சிரிச்சுக்கிட்டு எழுந்திரிக்கும். அப்பா விழுந்தா முதல்ல சுத்திமுத்தும் யாராவது பார்த்தாங்களான்னு பார்ப்பார். அதுலயே அரை நாள் போயிடும்! (பலத்த சிரிப்பு)

ஆனா யோசிச்சுப் பாருங்க. வீட்டுல எப்பவும் 'விழுந்துடாதே, விழுந்துடாதே'ன்னு சொல்ற அப்பா, தன் மகள் முன்னாடி பத்து தடவை விழறார். அந்த நாலாவது படிக்கிற பெண் கை நீட்டி, 'எழுந்திருங்கப்பா'ன்னு சொல்றா. கொண்டோலாவில் ஏறிப் போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கினால் இது கிடைக்குமா? (கைதட்டல்)

இரண்டாவது, தாத்தா பாட்டி. கொண்டோலா இருக்கிறதே, வயதானவர்கள் நடக்காமலேயே மலை உச்சிக்குப் போகலாமே என்றார் சகோதரர். பழனியில் விஞ்சில் ஏற்றுகிற மாதிரி நினைத்துவிட்டார். குல்மார்க் கொண்டோலாவின் மேல் முனை ஏறத்தாழ 3,950 மீட்டர். அங்கே காற்று மெலிந்துபோயிருக்கும். படிப்படியாகப் பழகாமல் கொஞ்ச நேரத்தில் 1,300 மீட்டர் மேலே தூக்கிவிட்டால் தலைவலி, மூச்சுத் திணறல் வரலாம். இதயநோய், ரத்த அழுத்தம் உள்ள பெரியவர்கள் டாக்டரைக் கேட்காமல் அந்த உயரத்துக்குப் போகவே கூடாது. அப்போ தாத்தா முதல் கட்டத்தோடு கீழே நிற்கணும். குடும்பம் மேலே, தாத்தா கீழே தேநீர்க் கடையில்!

ஔலியில் மேல் முனையே 3,050 மீட்டர்தான். வழியில் 1,900 மீட்டருக்குக் கிட்டத்தட்ட உள்ள ஜோஷிமட்டைத் தாண்டித்தான் ஏறணும். உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பழகுகிறது. மேலே போய் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தால் எதிரே நந்தா தேவி. 7,816 மீட்டர். முழுக்க முழுக்க இந்திய மண்ணுக்குள்ளேயே இருக்கிற மலைகளில் எல்லாவற்றையும் விட உயரமானது. பக்கத்தில் துரோணகிரி. தாத்தாவுக்குப் பலகையும் வேண்டாம், கோலும் வேண்டாம். கண்ணாடி இருந்தால் போதும்.

மூன்றாவது, பாட்டி. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இப்படித்தான் பனி பார்க்கப் போகலாம் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். மகன் ஒரு ஊர் சொன்னார், மருமகள் ஒரு ஊர் சொன்னார், பேரன் இரண்டையும் விட்டுவிட்டு சுவிட்சர்லாந்து என்றான். (சிரிப்பு) பாட்டியை யாரும் கேட்கவில்லை. கடைசியில் மருமகள்தான், 'அத்தை, உங்களுக்கு எங்கே போகணும்?' என்றார். பாட்டி, 'எனக்கென்னம்மா, பனியில என்ன பண்ணப் போறேன்? நீங்க போயிட்டு வாங்க, நான் வீட்டைப் பார்த்துக்கறேன்' என்றார். எத்தனை வீட்டில் ஐயா இந்த வசனம்! எத்தனை விடுமுறைக்கு நம்ம பாட்டிமார் வீட்டைப் பார்த்துக்கிட்டே இருந்திருக்காங்க! (கைதட்டல்)

அந்தப் பாட்டிக்கு நான் ஔலி போகும் வழியைச் சொல்கிறேன். ரிஷிகேசத்திலிருந்து ஏறினால் தேவப்பிரயாகை. பாகீரதியும் அலக்நந்தாவும் கலந்து கங்கை என்று பெயர் வாங்குகிற இடம். நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியாழ்வார் 'கண்டம் என்னும் கடிநகர்' என்று பாடினாரே, அந்தத் திவ்யதேசம் இதுதான். அப்புறம் ருத்ரபிரயாகை, கர்ணபிரயாகை, நந்தபிரயாகை. அதையெல்லாம் தாண்டினால் ஜோஷிமட். ஆதிசங்கரர் வடதிசையில் நிறுவிய மடம் உள்ள ஊர். சீர்காழிப் பக்கம் திருக்குறையலூரில் பிறந்த திருமங்கையாழ்வார் திருப்பிரிதி என்று பத்துப் பாசுரம் பாடியது இந்த ஊரைத்தான் என்று வைணவப் பெரியவர்கள் பலர் சொல்கிறார்கள். குளிர்காலத்தில் பத்ரிநாத் கோயில் நடை சாத்தியிருக்கும். அந்த மாதங்களில் பத்ரி போக முடியாதவர்கள் வந்து வணங்குவது ஜோஷிமட் நரசிம்மர் கோயிலில். பேரன் ஔலியில் சறுக்கட்டும், பாட்டி நரசிம்மரைச் சேவிக்கட்டும். பனிக்காலத்தில் பாட்டியையும் அழைத்துக்கொண்டு போக ஒரு காரணம் இருக்கிற ஊர் எது? (பலத்த கைதட்டல்)

சகோதரர் தூரத்தைச் சொன்னார். ஸ்ரீநகர் விமான நிலையத்தில் இறங்கினால் அன்றைக்கே குல்மார்க், ஔலிக்கு ரிஷிகேசத்திலிருந்தே 250 கிலோமீட்டருக்கு மேல் மலைப்பாதை என்றார். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஒரே நாளில் ஓட்டிப் போகாதீர்கள் என்றும் நானே சொல்கிறேன். இருட்டின பிறகு அந்தச் சாலையில் வண்டி வேண்டாம். ருத்ரபிரயாகையிலோ பீபல்கோட்டியிலோ ஒரு ராத்திரி தங்குங்க. கடைசி மலையேற்றத்துக்கு, பனியில் ஓட்டிப் பழகிய உள்ளூர் டிரைவரை வைத்துக்கொள்ளுங்க. குல்மார்க்கிலும் பனி கனத்துவிட்டால் தங்மார்க்கோடு சாதாரண வண்டியை நிறுத்திவிட்டு, டயருக்குச் சங்கிலி போட்ட வண்டிக்குத்தான் மாறணும். பனி எல்லோருக்கும் ஒரே சட்டம்தான் போடும்.

(நடுவர்: மணி அடிக்கவா?)

ஐயா, முக்கியமான வாதத்துக்கே இப்பத்தான் வர்றேன். ரெண்டு நிமிஷம் குடுங்க.

எதிரணித் தோழி ஒருவர் ஒரு கேள்வி கேட்டார். அரங்கமே அமைதியானது. 'விரிசல் விட்ட ஊருக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகச் சொல்றீங்களா?' என்றார். நியாயமான கேள்வி. ஒளிக்காமல் பதில் சொல்கிறேன்.

2023 ஜனவரி. ஜோஷிமட்டில் மண் இறங்கியது. 800க்கும் மேற்பட்ட கட்டடங்களில் விரிசல். குடியிருக்கக் கூடாத வீடுகளில் சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டார்கள். குடும்பம் குடும்பமாகக் குளிரில் முகாமுக்குப் போனார்கள். ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்து நின்ற இரண்டு ஹோட்டல்களை இடித்து இறக்கினார்கள். ஜோஷிமட்டிலிருந்து ஔலிக்குப் போகிற நாலு கிலோமீட்டர் ரோப்வேயை அந்த மாதமே நிறுத்தினார்கள். அதனால் ரோப்வேயை நம்பித் திட்டம் போடாதீங்க, சாலை வழியாகவே கணக்குப் பண்ணுங்க.

இது திடீரென்று வந்ததா? இல்லை. 1976இலேயே மிஸ்ரா தலைமையில் ஒரு குழு சொல்லிவிட்டது. இந்த ஊர் கெட்டிப் பாறை மேல் இல்லை, பழைய நிலச்சரிவில் வந்து குவிந்த மண், கல் மேல் இருக்கிறது. கனமான கட்டடம் கட்டாதீர்கள், வெடி வைத்துப் பாறையை உடைக்காதீர்கள், மரத்தை வெட்டாதீர்கள், கழிவுநீருக்கு வடிகால் கட்டுங்கள் என்றது. கேட்டோமா? மாடி மேல் மாடி ஏறியது. யாருக்காக ஐயா அந்த மாடி? நமக்காக! 'ஏசி இருக்கா, பாத்ரூம்ல டப் இருக்கா, மாடியில இருந்து மலை தெரியுமா?'ன்னு கேட்டுக்கிட்டு வந்து இறங்கினோமே, நமக்காக. 2019 ஜூனில் ஔலிப் புல்வெளியில் ஒரு பெரும் பணக்காரக் குடும்பத்துக் கல்யாணம் நடந்தது. குப்பை குவிந்து, விஷயம் உயர் நீதிமன்றம் வரை போனது. புல்வெளிக்கு வாய் இருந்தால் அதுவும் சாட்சி சொல்லியிருக்கும். (கைதட்டல்)

அப்போ போகவே கூடாதா? அங்கேதான் நான் தோழியோடு வேறுபடுகிறேன். அந்த ஊர்க்காரர்களுக்கு வேறு ஊர் கிடையாது. குளிர்காலத்தில் சறுக்குப் பலகையை வாடகைக்குக் கொடுக்கிற பையன், குழந்தைக்குக் கை பிடித்துச் சொல்லிக்கொடுக்கிற பயிற்சியாளர், சரிவின் ஓரத்தில் தேநீரும் மாகி நூடுல்ஸும் விற்கிற அம்மா, இவர்களுக்கு வருமானம் நாம்தான். நம்மால் வந்த பாரத்துக்கு நாமே பயந்து ஓடினால், விரிசலும் அவர்களுக்கு, பட்டினியும் அவர்களுக்கா?

போகணும். ஆனா எப்படிப் போகணும்? கூட்டமாக இல்லாமல் போங்க. தங்குகிற இடம், திறந்திருக்கும் பாதை, இதில் மாவட்ட நிர்வாகம் சொல்வதைக் கேட்டுப் போங்க. உயரமான ஹோட்டலைத் தேடாமல், உள்ளூர்க்காரர் வீட்டோடு சேர்ந்த சின்ன விடுதியில் தங்குங்க. சிவப்புக் குறி போட்ட வீட்டு முன்னாடி நின்னு போட்டோ எடுக்காதீங்க. அது யாரோ ஒருத்தர் கடன் வாங்கிக் கட்டின வீடு. வடிகால் இல்லாத மலையில் நாம் ஊற்றுகிற ஒவ்வொரு வாளியும் மண்ணுக்குள்தான் இறங்கும். அதனால தயவுசெய்து, 'நாங்க தமிழ்நாடு, மூணு வேளை குளிப்போம்'னு அங்க போய் வெந்நீர் கேட்காதீங்க! (சிரிப்பு, கைதட்டல்) கொண்டு போற பிளாஸ்டிக்கைத் திரும்பக் கொண்டு வாங்க.

ஜோஷிமட் பக்கம் ரேணி என்று ஒரு கிராமம். 1974இல் கௌரா தேவி என்கிற கிராமத்துப் பெண், மற்ற பெண்களைக் கூட்டிக்கொண்டு போய் மரம் வெட்ட வந்தவர்களைத் தடுத்து நின்றார். சிப்கோ இயக்கம் என்று உலகம் பேசியது. அதே ரேணியில் 2021 பிப்ரவரி 7ஆம் தேதி மலையிலிருந்து வெள்ளம் பாய்ந்து வந்தது. அந்த வெள்ளத்தில் 200க்கும் மேற்பட்டவர்கள் இறந்தோ காணாமலோ போனார்கள். மலை பேசிக்கொண்டுதான் இருக்கிறது ஐயா. நாம்தான் பனியை மட்டும் பார்த்துவிட்டு வருகிறோம்.

பனியாவது நிலையா இருக்கா? 2024 ஜனவரியில் குல்மார்க்கே காய்ந்து கிடந்தது. 2025 பிப்ரவரியில் பனி போதாமல் அங்கே நடக்கவேண்டிய கேலோ இந்தியா குளிர்காலப் போட்டிகளை மார்ச்சுக்குத் தள்ளி வைத்தார்கள். ஔலியிலும் பனி இல்லாமல் போட்டி நின்ற வருஷம் உண்டு. அதனால் பனியை மட்டும் நம்பிப் போகிற குடும்பம் ஏமாறலாம். குல்மார்க்கில் பனி இல்லேன்னா, மகாராணி நகை இல்லாம நிக்கற மாதிரி. ஔலியில் பனி குறைந்தாலும் நந்தா தேவி இருக்கிறாள், நரசிம்மர் இருக்கிறார், ஐந்து நதிக் கூடலில் நாலு வழியிலேயே இருக்கிறது.

(மணி)

முடிச்சுடறேன் ஐயா. ஜோஷிமட் நரசிம்மரைப் பற்றி அந்த ஊரில் ஒரு கதை சொல்வார்கள். அவருடைய ஒரு கை மணிக்கட்டு வருஷா வருஷம் மெலிந்துகொண்டே வருகிறதாம். அது முறிகிற அன்று மலைகள் சேர்ந்து பத்ரி போகும் வழி அடைபடுமாம். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் அந்தக் கதையைச் சொன்னவர்கள், மலை என்றைக்கும் இப்படியே இருக்கும் என்று நினைக்கவில்லை. அந்தப் பயம், அந்த மரியாதை நமக்கு வேண்டாமா?

நாளைக்கு அந்த நாலாவது படிக்கிற பெண் ஜோஷிமட்டில் ஒரு சுவரைக் காட்டி, 'அப்பா, இது ஏன் வெடிச்சிருக்கு?'ன்னு கேட்பாள். அப்பா உண்மையைச் சொல்லட்டும். மேலே சரிவில் அவளுக்கு விழுந்து எழச் சொல்லிக்கொடுக்கட்டும். பக்கத்தில் தாத்தா உட்கார்ந்து நந்தா தேவியைப் பார்க்கட்டும். வீட்டைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்துவிட்டுப் பாட்டியும் வந்திருக்கட்டும். (கைதட்டல்)

இந்த ஆறு பேருக்கும் இடம் இருக்கிற ஊர் ஔலியே, ஔலியே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு நடுவர் ஐயாவைக் கேட்டுக்கொள்கிறேன்.

(நீண்ட கைதட்டல்)